எருமைச் சொட்டு குடித்த மந்தி

மரிக்கொழுந்து என்ற மந்திக்குக் குட்டி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயிறு மட்டும் இன்னும் உள்ளே போனபாடில்லை. குளத்தங்கரை நாவல் மரத்தில் நல்ல பழமெல்லாம் நுனிக் கிளையில்தான். மரிக்கொழுந்து கால் வைத்தால் கிளை தலைகீழாகத் தொங்கியது!

"கிளை பாவம்டி!" என்று மற்ற மந்திகள் கைகொட்டிச் சிரித்தன.

மரத்தில் காவல் மரிக்கொழுந்துக்குத்தான். கீழே மான்கள் மேயும். சிறுத்தை வந்தால் மேலேயிருந்து "கக்! கக்!" என்று கத்த வேண்டும். அந்தக் குரல் கேட்டால் காடே ஓடும்.

ஒரு நாள் புனுகுப்பூனை ஒரு மூங்கில் குப்பியோடு வந்தது.

"நாக்கில் ஏழு சொட்டு! பத்தே நாளில் கொடி மாதிரி ஆயிடுவே! கூடவே ஒரு சின்ன விஷயம். ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு இலைதான் சாப்பிடணும்."

"ஐயோ! எனக்குப் பால் குடிக்கிற பிள்ளை இருக்கே!"

"அதையெல்லாம் சொட்டு பார்த்துக்கும்."

"குப்பியில் என்ன இருக்கு?"

"சினை எருமையோட... அது."

"மூத்திரமா!"

"உஷ்! ஹார்மோன்னு சொல்லணும்!"

அந்தப் பெயர் மரிக்கொழுந்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது.

பத்தாம் நாள் மரிக்கொழுந்து ஏறியும் நுனிக் கிளை அசையக்கூட இல்லை! மற்ற மந்திகளுக்கு வயிறு எரிந்தது. மரிக்கொழுந்துக்கோ உச்சி வெயிலிலும் பல் தந்தியடித்தது. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. காகம் அதைப் பொறுக்கிக் கூடு கட்டிவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டது! உட்கார்ந்தால் தூக்கம். பேசினால் குரல் கரகரத்தது. பால் போதாமல் குட்டி முனகியது.

"சொட்டு வேலை செய்யுது!" என்றது புனுகுப்பூனை. "இனிமே பத்துச் சொட்டு!"

மறுநாள் பசி பொறுக்காமல் குட்டி தரைக்கு இறங்கிப் பழம் பொறுக்கியது. எதிர்ப் புதருக்குள் சிறுத்தை! மரிக்கொழுந்து வாயைத் திறந்தது.

"க்... ஹ்... ஹ்..."

வெறும் காற்றுதான் வந்தது! மான்கள் நிமிரவேயில்லை. இறங்கி ஓடலாம் என்றால் கால் கல்லாய்க் கனத்தது. சிறுத்தை பதுங்கிப் பதுங்கிக் குட்டியை நெருங்கியது. கிளைக்கு நேர் கீழே, சேற்றில், பூங்கொடி என்ற சினை எருமை கண்மூடிக் கிடந்தது. மரிக்கொழுந்து கிளையை விட்டுவிட்டது.

தொப்!

"அம்மாஆஆ!" என்று அலறிக்கொண்டு எழுந்தது பூங்கொடி. குளத்துச் சேறெல்லாம் வானத்துக்குப் போய், அதில் பாதி சிறுத்தையின் கண்ணில் விழுந்தது. கண் தெரியாமல் அது நாவல் மரத்தில் முட்டியது. மறுபடி முட்டியது. பிறகு ஓடியே போயிற்று!

மரிக்கொழுந்து குட்டியை வாரி அணைத்துக்கொண்டது.

"யாருடி நீ? எலும்பு மூட்டை மாதிரி விழறே!" என்றது பூங்கொடி.

"உங்க மூத்திரம்தான் அக்கா... அதில் ஹார்மோன் இருக்காம். மெலிய வைக்குமாம். பத்துச் சொட்டு, ரெண்டு இலை..."

பூங்கொடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் குளம் அலையடித்தது.

"அடியே! ஒன்பது மாசமா அந்த ஹார்மோன் என் உடம்பு பூரா ஓடுது. என்னைப் பாரு! மெலிஞ்சா இருக்கேன்?"

மரிக்கொழுந்து பார்த்தது. பூங்கொடி மலை மாதிரி இருந்தது.

"உன்னை மெலிய வச்சது அந்த ரெண்டு இலை! தொண்டையில் தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு, பட்டாம்பூச்சி மாதிரி. உடம்போட அடுப்பைப் பார்த்துக்கிறது அதுதான். விறகு வரலைன்னா, பஞ்சம் வந்துடுச்சுன்னு நினைச்சு அடுப்பைத் தணிச்சிடும். அதான் குளிர், அதான் தூக்கம், அதான் இந்தக் கரகரப்பு. போய்ச் சாப்பிடு! அப்புறமும் குளிர்ந்தா கொக்கு வைத்தியர்கிட்டே கழுத்தைக் காட்டு!"

மரிக்கொழுந்து சாப்பிட்டது. வயிறு வந்தது, பால் வந்தது, முடி வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாகக் குரலும் வந்தது. நுனிப் பழத்தை இப்போது குட்டி பறித்துக் கொடுத்தது.

ஒரு காலை, புதுக் குப்பியோடு புனுகுப்பூனை மரத்தடிக்கு வந்தது.

"கக்! கக்! கக்!"

சிறுத்தைக்குக் கத்துகிற அதே கத்தல்! காடே ஓடியது. குப்பியைப் போட்டுவிட்டு, மான்களுக்கும் முன்னால் ஓடியது புனுகுப்பூனைதான்!

சீக்கிரம் இளைக்க வைக்கிறேன் என்று சொல்லிச் சோற்றைப் பறிக்கிற மருந்து, கொழுப்பைக் கரைப்பதோடு உயிரைக் காக்கும் நெருப்பையும் அணைத்துவிடும்.