ஊருணிக்குக் கட்டிய காப்பு

பூவாற்றூரை ஆண்ட விசயகேசரி ராஜாவுக்கு எல்லாம் இருந்தது, எதிர்த்துப் பேச மட்டும் ஆள் இல்லை. அவர் தும்மினாலும் சபை ‘ஆகா’ என்றது. அப்படிப்பட்ட சபையில்தான் செங்காணி என்ற பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடவே அவளுடைய மண்குடத்தையும்.

அரண்மனைக்குப் பக்கத்தில் பெரிய ஊருணி. சுற்றிலும் மதில், ஒரே ஒரு கதவு. தெற்குத் தெரு ஆட்கள் அதில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பது பழைய கட்டளை. யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மீறினால் ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்.

“ஏன் எடுத்தாய்?” என்றார் ராஜா.

“வூட்டுக்காரருக்குக் காய்ச்சல் சாமி. எங்க கெணத்துல சேறுதான் வருது. சேத்தை எப்படிக் குடிக்கக் கொடுக்கிறது?”

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. பிரதானி வேங்கடநாதர் அதைப் பார்த்தார். உடனே அவர் கண்ணும் கலங்கியது. பிரதானி அழுததைப் பார்த்து சபையே மூக்கைச் சிந்தியது.

மறுநாள் எல்லையம்மன் கோயிலில் மாபெரும் கூட்டம். பிரதானி தொண்டை கட்டும்வரை பேசினார். பிறகு அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, “தெற்குத் தெரு இந்த ஊருணியில் தண்ணீர் எடுக்கும்வரை இதை அவிழ்க்க மாட்டேன்” என்று சத்தியம் செய்து மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டார். ராஜாவும் அப்படியே கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் கட்டாதவன் மனிதனே இல்லை என்றாகிவிட்டது. தளபதி கட்டினார். ஆஸ்தானப் புலவர் கட்டிக்கொண்டு, அதைப் பற்றி நூறு பாட்டும் எழுதினார். தளபதியின் மனைவி பட்டு நூலில் முத்துக் கோத்துக் கட்டிக்கொண்டாள்.

ஊருணிக் கதவை மட்டும் தெற்குத் தெருவுக்கு யாரும் திறந்துவிடவில்லை.

செங்காணி மறுபடி வந்தாள். “கதவை எப்ப சாமி தொறப்பீங்க?”

“முதலில் மக்கள் மனம் மாற வேண்டும், அம்மா. அதற்குத்தானே இத்தனை பாடு” என்று பிரதானி நூல் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். “உன் வழக்கையும் அப்போது பார்ப்போம்.”

“அப்ப என் கொடத்தையாவது குடுங்க.”

“அது நம் போராட்டத்தின் சின்னம். அதைப் போய்க் கேட்கிறாயே.”

குடத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குடத்தை இரவல் வாங்கிக்கொண்டு சேற்றுக் கிணற்றுக்கே போனாள். கதை சொல்லுகிற எனக்கே வயிறு எரிகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

ராஜா அரண்மனை விகடர் பிச்சாண்டியைக் கூப்பிட்டார். “எல்லோரும் ஆதரிக்கிறார்கள். ஆனாலும் காரியம் நடக்கவில்லை. எவனோ ஒருவன் மறைந்திருந்து எதிர்க்கிறான். நாளைக்குள் அவனைக் கண்டுபிடி. இல்லாவிட்டால் நீயும் தெற்குத் தெருவுக்குக் குடிபோ.”

“கண்டுபிடிக்கிறேன் மகாராஜா. எல்லை வாசலில் எல்லையம்மன் கோயில் பூசாரி வந்து நிற்க உத்தரவு கொடுங்கள், போதும்.”

மறுநாள் பிரதானி சபை முழுவதையும் கூட்டிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் புறப்பட்டார். அங்கே அவர் மகளுக்குக் கல்யாணம். பல்லக்குகள், சீர்வரிசை வண்டிகள், யானைமேல் ராஜா. எல்லை வாசலில் பூசாரி வேப்பிலையோடு வழியை மறித்து நின்றார். பக்கத்தில் பிச்சாண்டி ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காப்போட எங்க கெளம்பிட்டீங்க?” என்றார் பூசாரி.

“காப்பா? இது ஆதரவு நூல் ஐயா” என்றார் பிரதானி.

“அம்மன் முன்னால கற்பூரம் ஏத்தி, சத்தியம் பண்ணிக் கட்டுனா அது காப்புதான். காரியம் முடியிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கறி திங்கக் கூடாது. கட்டில்ல படுக்கக் கூடாது. மீறினா அம்மன் சும்மா விடமாட்டா.”

முந்தின நாள் ஒரு முழு ஆட்டுத் தொடையைத் தின்றிருந்த தளபதி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“இங்கேயே அவிழ்த்துவிட்டால்?” என்றார் பிரதானி மெதுவாக.

“பாதியில அவுக்கிறது அதைவிட மோசம்.”

“முகூர்த்தம் எப்போது?” என்று பிச்சாண்டி பரிவோடு விசாரித்தார்.

“நாளைக் காலை.”

“அடடா. மக்கள் மனம் மாறும்வரை காத்திருக்க நேரமில்லையே.”

ஊர்வலம் அப்படியே திரும்பியது. அந்த அவசரத்தில் ஊருணிக் கதவின் சாவியைக் காணோம். தளபதி கதவை உதைத்துத் திறந்தார். பிரதானி சபைக்கு ஓடி, மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, குடத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, அதற்குள் ஆள் விட்டு அழைத்து வந்திருந்த செங்காணியிடம் நீட்டினார்.

“சீக்கிரம் மொள்ளம்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும்.”

அவள் அவசரப்படவில்லை. “இன்னிக்கு மட்டுந்தானா சாமி?” என்றாள்.

“என்றைக்கும்” என்றார் ராஜா. “பழைய கட்டளை ஒழிந்தது. உன்மேல் வழக்கும் இல்லை.”

செங்காணி நிறைய மொண்டாள். அவளுக்குப் பின்னால் தெற்குத் தெருவே குடங்களோடு வந்தது. நூல்கள் அவிழ்ந்தன. பல்லக்குகள் பறந்தன.

ராஜா மட்டும் யானை ஏறவில்லை. “பிச்சாண்டி, எதிர்த்தவன் யார் என்று நீ சொல்லவே இல்லையே?”

“இந்தக் கதவு திறக்க ஒரே ஒரு வார்த்தை போதும், மகாராஜா. இப்போது பார்த்தீர்களே. அந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவர் யாரோ, சொல்லாமல் நூல் கட்டிக்கொண்டவர் யாரோ, அவர்தான்.”

ராஜா தன் மணிக்கட்டைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அப்புறம் யானைப்பாகனே பயந்துபோகும்படி சிரித்தார். சிரித்து முடித்து, தன் தங்கக் கடகத்தைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார்.

அடுத்த மாதம் பல்லக்குத் தூக்குகிறவர்கள் சபைக்கு வந்தார்கள். எஜமானர்கள் உள்ளே இருக்கும்போது வெயிலில் நின்று காய்வதாகவும், ஒரு கூரை வேண்டும் என்றும் கேட்டார்கள். பிரதானியின் கண் கலங்கியது. பேசுவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். பிச்சாண்டி மடியிலிருந்து மஞ்சள் நூல்கண்டை எடுத்தார்.

பிரதானி பொத்தென்று உட்கார்ந்தார். “நூலெல்லாம் எதற்கு? கூரையைப் போட்டுத் தொலையுங்கள்.”