புது புராசசரும் கதிர்க்குருவியும்

தணிகாசலத்துக்கு அறுபத்தொரு வயது. அவருடைய ஆசிரியைக்கு முப்பத்து நான்கு.

ஆசிரியையின் பெயர் ஜீனத். வந்தவாசி பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேயே நாலைந்து பேருக்கு வகுப்பு எடுத்தார். பணி ஓய்வு பெற்ற மறு மாதம் தணிகாசலம் அதில் போய்ச் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். இவர் மட்டும் இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தார். தன் மகள் வயதுக்காரரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

ஊருக்கு வெளியே வெள்ளாம்பல் ஏரி இருந்தது. அதன் பறவைக் குரல்களை இருபது வருடமாகப் பதிவு செய்து வந்தவர் தணிகாசலம். விடிவதற்கு முன் கோரைப் புதருக்குள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு வருவார். சாயங்காலம் போய் எடுத்துவந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்பார். எந்தெந்தப் பறவை இருந்தது என்று வருடத்துக்கு ஒரு பட்டியல் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்புவார். அந்தப் பட்டியலை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அவருக்கு மிகவும் பிடித்தது ஒரு கதிர்க்குருவி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கோரைக்கு மேலே எழும்பிப் பறந்தபடி, ஊசி போன்ற மெல்லிய குரலில் விட்டு விட்டுக் கத்தும். கண்ணில் படுவது அபூர்வம். குரல் இருந்தால் குருவி இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று வருடமாக அந்தக் குரல் இல்லை. மூன்று பட்டியலிலும் அதன் பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார்.

இந்த வருடம், ஏரியின் வடகரைக் கோரையை அழித்துச் சாலை போடப் போவதாக அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். சாலை வேண்டும் என்றவர்கள் கையில் இருந்தது தணிகாசலத்தின் பட்டியல்தான். கோரையை நம்பியிருந்த குருவியே போய்விட்டது, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், இனிமேல் கோரை யாருக்கு என்று கேட்டார்கள்.

 தணிகாசலத்துக்கு ஒரு நப்பாசை மட்டும் இருந்தது. காற்று, தவளை, தூரத்து லாரி. இந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயாவது அந்தக் குரல் அமுங்கிக் கிடக்கலாம்.

இரைச்சலை நீக்கும் மென்பொருள் அவரிடம் இருந்தது. ஒரு நாள் பதிவைச் சுத்தம் செய்ய அவருடைய கம்ப்யூட்டருக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. முடிந்ததும் கேட்பார். குருவி இருக்காது. அளவைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட விடுவார். மறுபடி ஆறு மணி நேரம். ஒரு மாதம் இப்படியே போனது. நாற்காலியிலேயே சாப்பிட்டார், நாற்காலியிலேயே கண் அசந்தார். ஏரிக்குப் போவதுகூட நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டரின் மூளையான புராசசரில் புதிதாக ஒன்று விற்பனைக்கு வந்தது. அதைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட்டு ஜீனத்திடம் போனார். இதைப் போட்டால் குருவி கிடைத்துவிடுமா என்று கேட்டார்.

"வேகம் கிடைக்கும் சார்" என்றார் ஜீனத்.

"வேகம் இருந்தா போதும் டீச்சர். மத்தது கிடைச்சிடும்."

ஜீனத் ஒரு சீட்டை எடுத்து, வாங்க வேண்டியதை எழுதத் தொடங்கினார்.

பழைய போர்டில் புது புராசசர் உட்காராது. போர்டை மாற்றினால் பழைய ராம் மெமரி அதில் சேராது. புராசசரின் சூட்டுக்குப் பெரிய விசிறி வேண்டும். அந்த விசிறி பழைய பெட்டிக்குள் நுழையாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்று போய், கடைசியில் பழையதில் மிஞ்சியவை மானிட்டரும் கீபோர்டும் ஸ்பீக்கரும் ஹெட்போனும்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஜீனத் அவர் வீட்டுக்கு வந்தார். காலையிலிருந்து ஒரு அரிசி ஆலையில் ஏணி மேல் நின்று கேமரா மாட்டிவிட்டு நேராக வந்திருந்தார். தவிட்டுத் தூசி துப்பட்டாவில் அப்படியே இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மாட்டுகிற வேலையைத் தணிகாசலத்திடமே விட்டார். அவர் புராசசரை எடுத்து, வைக்காமல் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். ஜீனத் கை நீட்டவில்லை. மூச்சு விட்டுவிட்டு வையுங்கள் என்று மட்டும் சொன்னார். வைத்தார். சரியாக உட்கார்ந்தது.

நாலு மணிக்கு எல்லாம் தயார். ஆறு மணி நேரம் பிடித்த வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. தணிகாசலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். அளவை மாற்றினார். இருபது நிமிடம். மறுபடி கேட்டார்.

பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லாதவர் போல இருந்தார்.

"இன்னும் எது குறையுது டீச்சர்? எதை மாத்தணும்?"

ஜீனத் எழுந்து வந்து, புராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் படத்தைத் திரையில் திறந்தார். கோடு அடியோடு அடியாகப் படுத்துக் கிடந்தது. மூன்று சதவீதம்.

"இது சும்மாதான் உக்காந்திருக்கு சார்."

பிறகு ஹெட்போனைத் தன் காதில் மாட்டி, சுத்தம் செய்யாத மூலப் பதிவைப் போடச் சொன்னார். ஒரு நிமிடம் கேட்டார். அவர் முகம் மாறியது. ஹெட்போன் வயரைப் பிடுங்கி ஸ்பீக்கரில் ஓட விட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். பதிவை நிறுத்தினார். கொஞ்ச நேரம் தணிகாசலத்தைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடிக்குங்க சார். ஒரு விசில் சத்தம் போடுறேன். கீழேருந்து மேலே ஏறிக்கிட்டே போகும். சத்தம் நின்னதும் கையைத் தூக்குங்க."

தணிகாசலம் கண்ணை மூடினார். சத்தம் மாட்டின் குரல்போலத் தொடங்கி, குழலாகி, குக்கர் விசிலாகி ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் அவர் கையைத் தூக்கினார். கண்ணைத் திறந்தார்.

ஜீனத் ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தார். திரையில் விசிலின் கோடு இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சே" என்றார் தணிகாசலம்.

ஜீனத் அந்தச் சத்தத்தை நிறுத்தினார். மறுபடியும் ஏரிப் பதிவை ஓட விட்டார். மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அதன் பின்பக்கத்தால் பலகையில் தட்டத் தொடங்கினார்.

தட்டு. ஒரு நொடி இடைவெளி. தட்டு. இடைவெளி. தட்டு. தட்டு.

தணிகாசலத்துக்கு முதலில் புரியவில்லை. ஸ்பீக்கரில் அவருக்குக் கேட்டது காற்றும் தவளையும்தான். பேனா நிற்கவில்லை. வரிசையாகத் தட்டியது, கொஞ்சம் ஓய்ந்தது, மறுபடி வரிசையாகத் தட்டியது. அந்த இடைவெளி அவருக்குத் தெரிந்த இடைவெளி, குருவி விட்டு விட்டுக் கத்தும் இடைவெளி. பதினேழு வருடம் அவர் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது.

"இது என்னிக்குப் பதிவு சார்?" என்று கேட்டார் ஜீனத்.

"போன மாசம்."

ஜீனத் போன வருடத்துப் பதிவைத் திறந்தார். பேனா தட்டியது. அதற்கு முந்தைய வருடத்தைத் திறந்தார். தட்டியது. அதற்கும் முந்தையதைத் திறக்கப் போனபோது, போதும் என்று தணிகாசலம் கையைக் காட்டினார்.

  மூன்று வருடமும் அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் அதை விரட்டிவிட்டேன் என்று தணிகாசலம் மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஜீனத்துக்குக் கொடுத்தார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜீனத் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன் வைத்தார். பேனாவை அதன் மேல் வைத்தார். வியாழக்கிழமை கூட்டத்துக்கு நாளைக்குள் எழுதிக் கொடுத்தால் போதும், தேதி தேதியாக நான் கேட்டுச் சொல்கிறேன், நாளைக்குக் கடையைத் திறக்கவில்லை என்றார்.

தணிகாசலம் தாளைப் பார்த்தபடி இருந்தார். இருபது வருடத்தில் அடுத்தவர் கேட்டதை அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"என் காதால கேக்காததை நான் எப்படி 'இருக்கு'ன்னு எழுதுறது டீச்சர்?"

ஜீனத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமா 'இல்லை'ன்னு எழுதினீங்களே சார். அதை எதைக் கேட்டு எழுதினீங்க?"

தணிகாசலம் பேனாவை எடுத்தார்.