பட்டையில் வந்த வாசனை

மலையடிவாரத்து ஜமீன் ஒன்றில் மாசாணி என்றொரு விறகுக்காரி இருந்தாள். ஒருநாள் காரியஸ்தர் விருத்தகிரி அவளை விறகுக்கட்டோடு அரண்மனை முற்றத்துக்குக் கூட்டி வந்து நிறுத்தினார்.

"எஜமான், இவள் நம் சந்தன மரத்தை வெட்டியிருக்கிறாள். இனி இவள் ஊர்க்காரர் யாரும் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது."

"சந்தனம்தான் என்று எப்படித் தெரியும்?" என்றார் ஜமீன்தார்.

காரியஸ்தர் ஒரு கிளையை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். "பட்டையே கமகமவென்று மணக்கிறதே!"

மாசாணி பணிவாகக் கேட்டாள்: "இலையும் மணக்குதுங்களா சாமி?"

"ஏன் மணக்காது? பட்டையைவிட ஒரு படி மேல்!"

"அப்படின்னா இது சந்தனமே இல்லீங்க எசமான். சந்தனத்துல உள்ளே இருக்கிற வைரக்கட்டைதான் மணக்கும். பட்டையும் இலையும் மணக்காது. உங்க தோட்டத்துச் சந்தன மரத்தையே மோந்து பாருங்க." சொல்லிக்கொண்டே கிளையிலிருந்து ஒரு பச்சை இலையைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் சொட்டியது. "இது வெட்பாலை. சந்தனத்துல ஏதுங்க பால்?"

ஜமீன்தார் தோட்டத்துக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு வந்தார். "மாசாணி, நீ வீட்டுக்குப் போகலாம்."

"விறகுக்கட்டைத் தலையில தூக்கிவிட ஒரு ஆள் வேணுமுங்க."

ஜமீன்தார் காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.