நான்கடிக் காசோலை

ஒரு ஜூலை மாதத்தில், கண்டக்டர் மாசிலாமணி வீட்டுச் சுவருக்கு நான்கடி நீளமுள்ள அட்டைக் காசோலை ஒன்று குடிவந்தது.

கல்லூரிகளுக்கான வினாடி வினாவில் அவர் மகள் இலக்கியா முதல் பரிசு வாங்கியிருந்தாள். மேடையில் கையில் கொடுத்துப் படம் எடுப்பதற்காகச் செய்த காசோலை அது. எந்த வங்கியும் அதை வாங்காது. ஆனால் அதன் நெஞ்சில் 'ரூபாய் ஒரு லட்சம்' என்று ஒரு சாண் உயரத்துக்கு எழுதியிருந்தது.

மாசிலாமணி அதற்குத் தன் கையாலேயே மரச்சட்டம் அடித்தார். நாலு பக்கமும் ஒன்றரை அங்குல அகல ரீப்பர்க் கட்டை.

பக்கத்து ஆணியில் அவருடைய தோல் பை தொங்கியது. இருபத்தாறு வருடம் பஸ்ஸில் காசு சுமந்த பை.

"இன்று என்னைப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள்?" என்று காசோலை தினமும் கேட்கும்.

"பதினேழு. நேற்று பத்தொன்பது" என்று பை சொல்லும். எண்ணாமல் அதனால் இருக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணியின் அக்கா அஞ்சலை வந்தாள். காசோலையைத் தொட்டுப் பார்த்தாள். "இம்மாம் பணத்த பாஸ்புக்குல எப்படி எழுதியிருப்பாங்க தம்பி? காட்டேன், கண்ணால பாக்கறேன்."

மாசிலாமணி அலமாரியிலிருந்து மகளின் பாஸ்புக்கைப் பெருமையாக எடுத்துப் பிரித்தார். அதில் எழுபதாயிரம் இருந்தது.

இரண்டாம் தடவையும் பார்த்தார். எழுபதாயிரம்தான்.

"இலக்கியா, மீதி முப்பதாயிரம் எங்க?"

"வரி பிடிச்சுட்டாங்கப்பா. பரிசுப் பணத்துக்கு நூத்துக்கு முப்பது."

"சம்பாதிக்கிறவனுக்குத்தான் வரி. நீ என் சோத்துல இருக்கிற புள்ள. உனக்கு எந்தச் சம்பளம் வருதுன்னு வரி பிடிப்பான்? எனக்கே இந்த சர்வீஸ்ல இவ்ளோ பிடிச்சதில்ல."

"பரிசுக்கு அதெல்லாம் பாக்க மாட்டாங்கப்பா. படிக்கிறவங்கன்னாலும் பிடிப்பாங்க. வரி பிடிச்ச சர்டிபிகேட் நவம்பர்ல வரும்."

"நவம்பர்லயா!" அஞ்சலை சிரித்தாள். "உன் பொண்ணு தவணை வாங்கறா தம்பி."

மாசிலாமணியின் முகம் சிவந்தது. "மீதியக் கையில வாங்கிட்டியா? யாருக்குக் குடுத்த?"

இலக்கியா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தோல் பை பேசியது. "ஒரு லட்சத்துக்கு டிக்கெட் கிழித்துப் பையில் எழுபதாயிரம் இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்."

"என்னிடம் வந்ததே எழுபதாயிரம்தான்" என்றது பாஸ்புக். "வருகிற வழியில் நடந்தது எனக்குத் தெரியாது. காசோலையண்ணே, நீங்கள் மேடையிலிருந்து வந்தவர். உங்களுக்குத் தெரிந்திருக்குமே?"

காசோலை வாய் திறக்கவில்லை.

அதற்குத் தெரியும். அதன் அடி ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் 'வரிப் பிடித்தத்துக்கு உட்பட்டது' என்று அச்சடித்திருந்தார்கள். அந்த இடத்தின் மேல்தான் கீழ்ச்சட்டம் உட்கார்ந்திருந்தது. சட்டத்தைக் கொஞ்சம் இளக்கிவிட்டால் எல்லாரும் படித்துவிடுவார்கள். ஆனால் படித்துவிட்டால் தான் எழுபதாயிரம் ஆகிவிடுவோமே என்று அது பயந்தது. சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து இலக்கியா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். கல்லூரியிலிருந்து வந்ததும் அன்றைய பஸ் டிக்கெட், கேன்டீன் டோக்கன், ஜெராக்ஸ் கடைச் சீட்டு எல்லாவற்றையும் மேசையில் அப்பாவின் விசிலுக்கு அடியில் வைப்பாள். மீதிச் சில்லறையையும் வைப்பாள்.

"என்ன இது?"

"செக்கிங்குக்குப்பா."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்த நாளும் எண்ணினார். சரியாக இருந்தது. நான்கு மாதத்தில் ஒரு நாள் கூட ஐம்பது காசு வித்தியாசம் வரவில்லை. அவரும் ஒரு நாள் கூட எண்ணாமல் விடவில்லை.

நவம்பர் பதினெட்டாம் தேதி விசிலுக்கு அடியில் ஒரு முழுத்தாள் இருந்தது. அதன் மேல் பிரிண்ட் எடுத்த கடைச் சீட்டு, ஐந்து ரூபாய். இலக்கியா காலையிலேயே வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போயிருந்தாள்.

தாள் மெல்லிய குரலில் பேசியது. "கொடுத்த தொகை ஒரு லட்சம். பிடித்த வரி முப்பதாயிரம். அரசாங்கத்துக்குக் கட்டியாகிவிட்டது."

மாசிலாமணி விரல் வைத்து மூன்று முறை படித்தார். கூட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரால் சுவரைப் பார்க்க முடியவில்லை. காசோலையை இறக்கிவிடலாம் என்று எழுந்தார். ஆணியிலிருந்து எடுக்கும்போது அது நழுவித் தரையில் இடித்தது. கீழ்ச்சட்டம் கழன்று விழுந்தது.

எறும்பு எழுத்து வெளியே வந்தது. அந்த இடத்தில் ஆணி அடித்தவர் அவர்தான்.

"நான் பொய் சொல்லவில்லையே" என்று முனகியது காசோலை.

"அந்தப் பெண்ணைக் கேட்டபோது நீங்கள் இங்கேதானே இருந்தீர்கள்?" என்றது பாஸ்புக்.

மாசிலாமணி அக்காவுக்குப் போன் செய்தார். "அக்கா, அந்தப் பணம் சரியா இருக்கு. புள்ள எடுக்கல."

"எந்தப் பணம்? ஓ, அதுவா! ஐயோ, நான் அப்பவே நாலு பேருகிட்ட சொல்லிட்டேனே தம்பி."

"எந்த நாலு பேரு?"

"இப்ப ஞாபகமா இருக்கு!"

சாயங்காலம் இலக்கியா வந்தாள். தரையில் காசோலை முகம் குப்புறக் கிடந்தது. அவள் அதைத் தாண்டிப் போய் மேசையில் டிக்கெட்டை வைத்தாள். டோக்கனை வைத்தாள். ஏழு ரூபாய்ச் சில்லறையை வைத்தாள்.

"அம்மாடி" என்றார் மாசிலாமணி. "இனி இதெல்லாம் வேண்டாம்மா."

"இருக்கட்டும்ப்பா, பழகிடுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மாசிலாமணி மேசை முன் உட்கார்ந்திருந்தார். கை சில்லறைப் பக்கம் போயிற்று, திரும்பி வந்தது.

ஆணியில் தொங்கிய தோல் பை பாஸ்புக்கிடம் கேட்டது:

"டெப்போவில் பணம் குறைந்தால் அன்றைக்கே கைக்காசு போட்டுக் கட்டிவிடுவோம். இதை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?"