மந்திரி ஏற்றாத விளக்கு

அந்த நாட்டு எரிசக்தி மந்திரிக்கு ஒரே பெருமை. எரிவாயுக் கிணறுகளில் கசிகிற மீத்தேன் முப்பது வருஷமாகக் குறைந்துகொண்டே வருகிறது என்று ஊர் ஊராகப் பேசுவார். நாட்டிலேயே மிகப் பழைய கிணற்றின் ஆண்டு விழாவுக்கும் அதைப் பேசத்தான் வந்தார்.

அங்கே கூட்டிப் பெருக்குகிற பவுனம்மாவோ, கசிவு கூடிக்கொண்டுதான் போகிறது என்று ஊரில் சொல்லி வந்தாள். மந்திரி அவளைக் கூப்பிட்டார்.

"குறைஞ்சிருக்குன்னு எல்லார் முன்னாலயும் நீயே சாட்சி சொல்லணும். இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு வேலை கிடையாது."

"ஆகட்டுங்கய்யா. விளக்கேத்துறப்ப சொல்லிடறேன்."

வருஷாவருஷம் குத்துவிளக்கை எடுத்து வைப்பது அவள்தான். அன்றைக்கு ஊரே கூடியிருக்க, கிணற்றுக் குழாயை ஒட்டி விளக்கை வைத்து, மந்திரியிடம் தீப்பெட்டியை நீட்டினாள். அவர் குச்சியை எடுத்ததுதான் தாமதம், கிணற்று மேனேஜர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, இங்க பத்த வைக்காதீங்க!"

மந்திரி பவுனம்மா பக்கம் திரும்பினார். "விளக்கை ஏன் இங்க வெச்சே?"

"முதல் விழாவுக்கு இங்கதாங்க வெச்சோம். அப்புறம் வந்த மேனேஜர், வாயு கசியுதுன்னு வேப்பமரத்தடிக்குத் தள்ளச் சொன்னார். அடுத்தவர் வாசல் கேட் பக்கத்துல வைக்கச் சொன்னார். இவர் போன வருஷம் ரோட்டுக்கே அனுப்பிட்டார். இப்பத்தான் குறைஞ்சுபோச்சுன்னு நீங்களே சொல்றீங்களே, அதான் பழைய இடத்துக்கே கொண்டாந்துட்டேன். பத்த வைங்கய்யா."

மந்திரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பிடித்த கையை விடவே இல்லை.