வாசிக்காமல் போட்ட கையெழுத்து

அறத்தை ஆராயப் போன மூன்று பேரின் வழக்கு இது. கேட்டுவிட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக்காரர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். மனிதர்கள் அன்றாடம் எப்படி உண்மை பேசுகிறார்கள் என்று ஆராய்கிறவருக்கு மூன்றாண்டு உதவித்தொகை என்று அறிவித்தார்கள். ஒரே ஒருவருக்குத்தான். விண்ணப்பத்தோடு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அதைப் பேராசிரியரே எழுதியிருக்க வேண்டும் என்பது விதி.

பேராசிரியர் என்றால் தாணுலிங்கம். தத்துவத் துறைத் தலைவர். அவர் பச்சை மைப் பேனாவைத் திறந்தால் மேசையில் கிடப்பது எதுவும் தப்பாது. ஒருமுறை அந்த வழியாக ஊர்ந்த கரப்பான்பூச்சியின் முதுகிலும் ஒப்பமிட்டுவிட்டார். அது நேரே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் முத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பியது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் கடிதம் கேட்டு வரும் மாணவரிடம் அவர் சொல்லும் பதிலை மட்டும் நம்புங்கள்: "நீயே எழுதிட்டு வா. என்ன எழுதினாலும் போடுதேன்."

முப்பது வருடம் வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்திய மனிதர் ஐயா இவர்.

அவரிடம் மூன்று பேர் போனார்கள். மூவருக்கும் அதே பதில்.

நம்பிராஜன் வீட்டுக்குப் போய், "என் ஆசிரிய வாழ்வில் இவரைப் போன்றதொரு அறிவாளியைக் கண்டதில்லை" என்று தன்னைப் பற்றித் தானே எழுதினான். எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்து, கண்ணும் கலங்கினான்.

மீரான் கூச்சக்காரன். தன் மதிப்பெண், படித்த நூல்கள், எழுதிய இரண்டு கட்டுரைகள், இவற்றை மட்டும் பேராசிரியர் சொல்வதுபோல் எழுதினான். ஒரு சொல் கூட்டவில்லை.

மூன்றாவது செண்பகவடிவு. ஜவுளிக்கடையில் ஆறு வருடம் நின்றே வேலை பார்த்துப் படித்தவள். "சாயம் போகுமா?" என்று கேட்கிறவர்களிடம் விற்கிற பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பதே அவள் ஆராய எடுத்த பொருள். இந்த உதவித்தொகை வராவிட்டால் அடுத்த மாதம் விடுதியைக் காலி செய்து, அதே கடைக்கு, அதே நிற்கிற வேலைக்குத் திரும்ப வேண்டும். அவள் எழுதிய கடிதம் மூன்றே வரி: "இக்கடிதத்தை எழுதியவர் விண்ணப்பதாரரே. நான் இதை வாசிக்கவில்லை. வழக்கம்போல் கையெழுத்து மட்டும் இட்டேன்."

அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "ஒருதடவை வாசிச்சிருங்க சார்" என்றாள். அவர் கைபேசியைப் பார்த்தபடி தலையாட்டினார். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது, "நச்சரிக்காத பிள்ள" என்று சொல்லிக்கொண்டே பச்சை மையை ஓட்டிவிட்டார்.

தேர்வு நாள் வந்தது. மூவரும் எதிரே இருக்க, அறக்கட்டளைத் தலைவர் ஞானதீபம் அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் யார் தெரியுமா? தேர்வுக் குழு உறுப்பினர், சாட்சாத் தாணுலிங்கம்.

"மூணு கடுதாசியும் நீங்க எழுதினதுதானே சார்?" என்றார் அம்மாள்.

"ஆமாம்மா. ஒவ்வொரு எழுத்தும் பார்த்துத்தான் போட்டேன்."

"இதையுமா?" என்று மூன்றாவதை நீட்டினார்.

தாணுலிங்கம் முதன்முறையாக அதை வாசித்தார், வாய்விட்டே. முகம் பேனா மையின் நிறத்துக்கு வந்தது. "இது மோசடி. என்னைய மாட்டி விட்டிருக்கா. இவளை முதல்ல வெளிய அனுப்புங்க."

"அனுப்புறது இருக்கட்டும். நீங்க வாசிச்சுப் போட்டிருந்தா கடுதாசி பொய், பொய்னு தெரிஞ்சே போட்டிருக்கீங்க. வாசிக்காமப் போட்டிருந்தா கடுதாசி நிசம், இப்ப நீங்க சொன்னதுதான் பொய். எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

அவர் தண்ணீர் கேட்டார்.

நம்பிராஜன் எழுந்தான். "எல்லாரும் இப்படித்தான் மேடம் வாங்குறாங்க. ஊர் வழக்கம். நான் மட்டும் என்ன தப்புப் பண்ணினேன்?"

மீரான் சொன்னான்: "என் கடிதத்துல எழுதினவர் யாருங்கறது தவிர மத்ததெல்லாம் உண்மை. செண்பகவடிவு எழுதும்போது சார் வாசிப்பாரா மாட்டாரான்னு அவங்களுக்கே தெரியாது. நடக்காததை நடந்ததா எழுதினது எப்படி உண்மையாகும்?"

அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்லுத?"

"அவர் கேட்கிறது சரிதான் மேடம்," என்றாள் செண்பகவடிவு. "எழுதும்போது எனக்கும் தெரியாது."



இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஊர் வழக்கப்படி நடந்தவன் ஒருவன், தன்னைப் பற்றி மிகைப்படுத்தாதவன் ஒருவன், ஆசிரியரின் வாயில் அவர் அறியாத சொல்லை வைத்தவள் ஒருத்தி. இவர்களில் யார் செய்தது சரி? வாய்மையை ஆராயும் உரிமை யாருக்கு?

விடை: செண்பகவடிவுக்கே. மீரான் சரியாகத்தான் கேட்டான், அவன் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. அவள் எழுதிய வரியை மெய்யாக்குவதும் பொய்யாக்குவதும் தாணுலிங்கத்தின் கண்ணில் இருந்தது. மற்ற இருவரின் கடிதங்களை அவர் வாசித்திருந்தாலும் அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்திருப்பார். அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒப்பம் கிடைக்காது, தன் பிழைப்புப் போய்விடும் என்று தெரிந்தும், "வாசியுங்கள்" என்று மூன்று முறை கெஞ்சியவள் இவள் ஒருத்திதான். ஞானதீபம் அம்மாளும் அப்படித்தான் முடிவெடுத்தார். அந்த ஆணையில் துறைத் தலைவரின் ஒப்பமும் வேண்டியிருந்ததால், அடியில் அவரே சொல்வதுபோல் ஒரு வரியை அம்மாள் சேர்த்தார்: "இனி என் மாணவர்களின் கடிதங்களை நானே எழுதுவேன், தவறினால் துறைத் தலைவர் பதவியை விட்டு விலகுவேன்." மறுநாள் மற்றக் காகிதங்களோடு ஒரு காகிதமாக அது தாணுலிங்கத்தின் மேசைக்குப் போனது. பச்சை மை காய்வதற்குள் திரும்பி வந்துவிட்டது.