ஆடாத கண்ணாடி

குருவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவர் கால்களைத்தான் பார்ப்பார்கள். மீதி உடம்பு ஏதாவது ஒரு காருக்கு அடியில் இருக்கும். திண்டுக்கல்லில், நத்தம் ரோட்டில் அவருடைய பட்டறை. பெயர் ஜெபசீலி. வயது முப்பத்தாறு.

சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர். மனைவி இந்திராணி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது, தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்தார். அணைத்த பிறகும் வண்டி இரண்டு தடவை குலுங்கித்தான் ஓய்ந்தது.

"மவுண்டிங் ரப்பர் போயிருச்சு சார். நாளைக்கு வாங்க, மாத்தி வைக்கிறேன்" என்றார் குரு.

"நான்தான் மாத்தணும். நீங்க சொல்லிக் குடுங்க."

"எதுக்கு சார் இந்த வயசுல?"

"என் கையாலதான் செய்யணும்மா."

குரு கொடியில் கிடந்த ஒரு கிரீஸ் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

முன்னால் இரண்டு, கியர் பாக்ஸுக்கு அடியில் ஒன்று. இந்த மூன்று ரப்பர்கள்மேல்தான் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. அதன் நடுக்கம் வண்டிக்குள் வராமல் தாங்கிக்கொள்வது இவற்றின் வேலை. சீடர் குனிந்து பார்த்தார். இடது பக்கத்து ரப்பர் பிளந்து கிடந்தது.

"இது ஒண்ணுதான் போயிருக்கு. மத்த ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

குரு அடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டை கொடுத்து இன்ஜினைத் தூக்கினார். நன்றாக இருந்ததாகச் சொன்ன ஒன்றைக் கழற்றிப் புதியதற்குப் பக்கத்தில் வைத்தார். சர்வேயர் புத்தி போகுமா, சீடர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார்.

"ஒன்பது மில்லி கம்மி."

"இவ்வளவு நாளா அமுங்கிக்கிட்டே இருந்திருக்கு. வாயைத் திறந்து சொல்லலை, அவ்வளவுதான்."



மூன்றையும் சீடரே மாட்டினார். மதியச் சாப்பாட்டை மறந்தார். கடைசியில் நட்டுகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். எல்லைக்கல் நட்ட கை, இறுக்கம் கேட்கவா வேண்டும்? குரு எட்டிப் பார்த்தார்.

"தளர்த்துங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். முதல்ல இன்ஜினை ஓட விடணும். அது தன் இடம் பாத்து உக்காரும். அப்புறம்தான் முறுக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"உக்கார்ற வரைக்கும்."

இன்ஜின் ஓடியது. கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் அசைந்து ஓரிடத்தில் அமர்ந்தது. சீடர் நட்டுகளை முறுக்கிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

ஸ்டீயரிங் நடுங்கவில்லை. கதவுக் கண்ணாடி கடகடக்கவில்லை. அவர் முன்னால் மேலே இருந்த, பின்னால் வருவதைக் காட்டும் உள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டியை அணைத்து இறங்கிப் போய், கழிவுச் சாமான்கள் கிடந்த தகரடப்பாவைக் கிளறினார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"பழைய ரப்பரை. திரும்ப மாட்டிறலாம்மா."

"ஏன், சத்தம் ஏதும் வருதா?"

"வரலை. ஒண்ணுமே வரலை."

அவர் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார்.

"ரயில்வே கேட்டுல நிக்கும்போது வண்டியை அணைக்க மாட்டேன். அணைச்சா கிளம்பாது. அந்தக் கண்ணாடி கிடந்து ஆடும். என் சம்சாரம் ஒரு கையால வேர்க்கடலை தின்னுக்கிட்டே, இன்னொரு கையால ரெண்டு விரலை அதுமேல வச்சுக்குவா. கேட் திறந்து வண்டி வேகம் எடுக்குற வரைக்கும் எடுக்க மாட்டா. பதினோரு வருஷம்."

"மாத்தச் சொல்லலையா?"

"சொன்னா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னேன். ஒவ்வொரு மாசமும் அதையேதான் சொன்னேன்." சீடர் கையிலிருந்த பிளந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப மாத்தியாச்சு. அவ விரல் வைக்க வேலையே இல்லாமப் பண்ணிட்டேனேம்மா."

அவர் வெட்கப்படாமல் அழுதார். கிரீஸ் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பானது.

குரு தன் கைகளைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். காரின் இடது பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வாங்க சார். ஸ்டார்ட் பண்ணுங்க."

சீடர் வந்து ஸ்டார்ட் செய்தார்.

"எந்த இடத்துல வைப்பாங்க?"

அவர் காட்டினார். கண்ணாடிச் சட்டத்தின் கீழ் ஓரத்தில் கறுப்பு தேய்ந்து, விரல் அகலத்தில் இரண்டு வெளிறிய தடங்கள் இருந்தன. குரு அவற்றைத் தொடவில்லை.

"எதுக்கு வச்சாங்க?"

"ஆடுனா எனக்குப் பின்னாடி வர்ற வண்டி தெரியாதே. அதுக்குத்தான்."

"இப்பப் பாருங்க. தெரியுதா?"

சீடர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியில் நத்தம் ரோடு அசையாமல் இருந்தது. தூரத்தில் ஒரு மினி பஸ் வந்தது. படியில் நின்றவரின் சட்டைக் கோடுகூடத் தெரிந்தது.

"தெரியுது."

"அப்ப அவங்க கையை எடுத்துக்கட்டும் சார்" என்றார் குரு.